நோவாவும் நூஹ் நபியும்: ஒரு திரைப்படமும் அது பெற்ற விமர்சனங்களும்

டெரன் அரனொவ்ஸ்கி இயக்கிய 'நோவா' என்ற ஹொலிவூட் திரைப்படம் 2014 மார்ச் மாதம் திரைக்கு வந்தது. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் 6ஆம் அதிகாரம் தொடக்கம் 9ஆம் அதிகாரம் வரை சொல்லப்படும் பெருவெள்ளக் கதையே அதன் கரு. நான்கு அதிகாரங்களுக்குள் அடங்கிவிடும் அக்கதை இரண்டேகால் மணி நேரப் படமாக விரிந்தது. படத்தைச் சுற்றி எழுந்த வாதங்களோ அதைவிடவும் விரிந்தன. ஒரு வேதக் கதை திரைக்கு வரும்போது அதை யார், எந்த அளவுகோல் கொண்டு அளக்கிறார்கள் என்பதைப் படித்தறிய இதைவிடப் பொருத்தமான உதாரணம் அண்மைக் காலத்தில் இல்லை எனலாம்.

எம்மிடையே இப்படம் பற்றிய பேச்சு இரண்டு வாக்கியங்களில் முடிந்துபோனது. நபிமாரை நடித்துக் காட்டுவது ஹராம், ஆகவே இதில் பேச ஒன்றுமில்லை என்பது ஒன்று. கலையைக் கலையாகப் பாருங்கள், மார்க்கத்தை அதற்குள் கொண்டுவராதீர்கள் என்பது மற்றையது. முன்னையதைச் சொன்னவர்கள் படத்தைப் பார்க்கவில்லை. பின்னையதைச் சொன்னவர்கள் அல்குர்ஆன் கூறும் வரலாற்றை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இரு சாராரும் எதிரெதிர்த் திசையிலிருந்து வந்து விமர்சனத்தின் வாசலைச் சாத்திவிட்டனர்.

நபிமாரை உருவப்படுத்துவது பற்றிய மார்க்கத் தீர்ப்பை ஆராயும் தகைமை எனக்கில்லை. அதை உலமாக்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் ஒரு தீர்ப்பு இருப்பதனால் சிந்தனை தேவையில்லை என்றாகிவிடாது. இக்கட்டுரையில் படத்தின் பாத்திரத்தை 'நோவா' என்றும், நாம் ஈமான் கொண்டிருக்கும் இறைதூதரை நூஹ் (அலை) என்றும் வேறுபடுத்தியே எழுதுகிறேன். இந்த வேறுபாடு மரியாதை கருதியது மட்டுமன்று. இருவரும் ஒருவரல்லர் என்பதே இக்கட்டுரையின் வாதமுமாகும்.

முதலில் படத்தின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். மனிதரின் கொடுமையால் மண் மலடாகிப்போன ஓர் உலகம். அதில் நோவா (ரஸ்ஸல் குரோ) தன் மனைவியோடும் மூன்று பிள்ளைகளோடும் ஊர்களிலிருந்து ஒதுங்கி வாழ்கிறான். இறைச்சி உண்பதில்லை. தேவைக்கு மேல் ஒரு பூவையும் பறிப்பதில்லை. கனவில் வெள்ளத்தைக் காண்கிறான். பாட்டனார் மெத்தூசலா (அந்தனி ஹொப்கின்ஸ்) தந்த ஏதேன் தோட்டத்து விதையிலிருந்து ஒரு காடே முளைக்கிறது. கல்லாக இறுகிப்போன வானவர்கள் பேழை கட்ட உதவுகின்றனர். தூபால் காயீன் என்ற அரசன் பேழையைக் கைப்பற்றப் படையோடு வருகிறான். வெள்ளம் வருகிறது.

இதுவரை சாகசக் கதை. இதற்குப் பிறகே இயக்குநர் தனது கேள்விக்கு வருகிறார். மனித குலம் முழுவதுமே அழிய வேண்டும், தன் குடும்பமும் அந்த அழிவுக்கு விதிவிலக்கல்ல என்ற முடிவுக்கு நோவா வந்துவிடுகிறான். மிருகங்களைக் காப்பது மட்டுமே தனது பணி என எண்ணுகிறான். மலடி எனக் கருதப்பட்ட மருமகள் கருவுற்றிருப்பது பேழைக்குள் தெரியவந்ததும், பிறப்பது பெண்ணானால் கொன்றுவிடுவேன் என்கிறான். பிறப்பவை இரட்டைப் பெண் குழந்தைகள். கத்தியை உயர்த்தியவனால் அதை இறக்க முடியவில்லை. படத்தின் முடிச்சு அங்கே அவிழ்கிறது.

இனி விமர்சனங்களுக்கு வருவோம். படம் வெளிவருமுன்பே அதன் மீதான தீர்ப்புகள் வெளிவரத் தொடங்கின என்பது இங்கு முதலில் கவனிக்கத்தக்கது. 2014 பெப்ரவரியில் அமெரிக்கக் கிறிஸ்தவ நுகர்வோர் அமைப்பொன்று ஒரு கருத்துக் கணிப்பை வெளியிட்டது. அதில் பங்குபற்றியோரில் 98 சதவீதமானோர் அதிருப்தி தெரிவித்ததாகச் செய்தி பரவியது. அவர்களிடம் கேட்கப்பட்டதோ, விவிலியத்தின் மையச் செய்தியை மாற்றியமைக்கும் ஹொலிவூட் படம் உங்களுக்குத் திருப்தி தருமா என்ற பாணியிலான பொதுக் கேள்வி. அவர்கள் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அத்தகைய கேள்விக்கு 'ஆம்' என்று யார்தான் சொல்வார்? விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பது பரீட்சையாகாது என்பது வகுப்பறை பழகியவர்களுக்குத் தெரியும்.

தயாரிப்பு நிறுவனமான பரமவுண்டும் பதற்றத்தில் இருந்தது. மதப்பற்றுள்ள பார்வையாளருக்கென வெவ்வேறு வடிவங்களைத் தொகுத்துப் பரீட்சார்த்தமாகக் காட்டிப் பார்த்தது. இறுதியில் இயக்குநரின் வடிவமே வெளியாயிற்று. கிறிஸ்தவ ஒலி ஒளிபரப்பாளர் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க, இப்படம் நோவாவின் கதையால் தூண்டப்பெற்றது, கலைச் சுதந்திரம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது, மூலக் கதையை ஆதியாகமத்தில் காணலாம் என்ற பொருள்படும் அறிவித்தலொன்று விளம்பரங்களில் சேர்க்கப்பட்டது.

படம் வெளியானபின் சினிமா விமர்சகர்கள் பெரும்பாலும் ஆதரவாகவே எழுதினர். பெருஞ்செலவுப் படமொன்றில் ஓர் இயக்குநர் தன் சொந்த மனக் குடைச்சலை வைத்திருக்கிறார் என்பது அவர்களது பாராட்டின் சாரம். பேழைக்குள் இருளில் நோவா படைப்பின் கதையைச் சொல்லும் பகுதியை அவர்களிற் பலர் எடுத்துப் பேசினர். ஒளியிலிருந்து உயிர்கள் பெருகி வருவதும், ஆபேலைக் காயீன் அடிக்கும் நிழலுரு காலந்தோறும் மாறும் போர்வீரர்களின் உருவாக மாறி மாறித் தோன்றுவதும் திரைமொழியின் வலிமையைக் காட்டும் இடங்கள் என்பதில் எனக்கும் உடன்பாடே. கல் வானவர்களும் போர்க் காட்சியும் ஹொலிவூட்டின் வழமையான ஆரவாரம் என்ற குறையும் சொல்லப்பட்டது. அதுவும் சரியே.

பொதுப் பார்வையாளரின் கதை வேறு. அமெரிக்காவில் முதல் நாள் பார்வையாளரிடம் புள்ளி கேட்டுத் தரமிடும் நிறுவனம் இப்படத்துக்கு 'சி' தரமே கொடுத்தது. பாராட்டிய விமர்சகருக்கும் முகஞ்சுளித்த பார்வையாளருக்கும் இடையில் பெரிய இடைவெளி. ஆயினும் சுமார் 125 மில்லியன் டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 350 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டியது. அதில் அமெரிக்கப் பங்கு ஏறக்குறைய 100 மில்லியன் மட்டுமே. கண்டனங்கள் அதிகம் எழுந்த நாட்டுக்கு வெளியேதான் படம் அதிகம் பார்க்கப்பட்டது.

கிறிஸ்தவர்களிடையே எழுந்த விமர்சனத்தை ஒற்றைக் குரலாகக் கொள்வது தவறு. குறைந்தது மூன்று குரல்களை நாம் பிரித்தறியலாம்.

ஒன்று எழுத்துக்கு எழுத்து வாதம். ஆதியாகமத்தின்படி நோவாவின் மூன்று மக்களும் தத்தம் மனைவியரோடு பேழைக்குள் சென்றனர். படத்திலோ ஒருவனுக்கே மனைவி உண்டு. தூபால் காயீன் பேழைக்குள் ஒளிந்து வருவது மூலத்தில் இல்லை. இந்த வகையான கண்டனத்தின் முன்னணியில் நின்றவர்களுள் படைப்புவாதப் பிரசாரகர் கென் ஹாம் ஒருவர். அவரது அமைப்பே பின்னர் 2016இல் கென்டக்கி மாநிலத்தில் 510 அடி நீளமான பேழையொன்றை மரத்தால் கட்டிக் கண்காட்சியாகத் திறந்தது. திரையில் கண்ட பேழைக்கு மறுப்பாக மற்றொரு பேழையே எழுந்து நின்றது என்று கொள்ளலாம்.

இரண்டாவது இறையியல் வாதம். பிரையன் மாட்சன் என்ற இறையியலாளர், இப்படம் விவிலியத்தைப் பின்பற்றவில்லை, ஞானவாதத்தையும் யூத மறைஞான மரபான கபாலாவையுமே பின்பற்றுகிறது என்று எழுதினார். ஏதேனில் பாம்பு கழற்றிய சட்டையை நோவாவின் மூதாதையர் புனிதப் பொருளாகக் கையிற் சுற்றி ஆசி வழங்குவதை அவர் முக்கிய சான்றாகக் காட்டினார். இதனை மறுத்த வேறு கிறிஸ்தவ விமர்சகர்கள், தீமையாக மாறுமுன் அப்பாம்பும் நல்ல படைப்பாகவே இருந்தது, கழற்றப்பட்ட சட்டை அந்த நன்மையின் எச்சம் என்று விளக்கினர். இரு தரப்பினரும் படத்தைக் கவனமாகப் பார்த்து, அதிலிருந்து சான்று காட்டியே சண்டையிட்டனர். முடிவு எதுவாயினும் இது விமர்சனத்தின் முறை.

மூன்றாவது அரசியல் வாதம். நோவாவைச் சூழல் பாதுகாப்புப் பிரசாரகனாகவும் மரக்கறி உண்பவனாகவும் மாற்றிவிட்டார்கள் என்று வலதுசாரிகள் பலர் கோபித்தனர். இங்கே கோபித்தவர்கள் தமது வேதத்தையே சரியாகப் படிக்கவில்லை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகக் கொடுக்கப்படுவது பயிரும் கனியுமே. இறைச்சி உண்ண அனுமதி வருவது வெள்ளத்துக்குப் பிறகு, ஒன்பதாம் அதிகாரத்தில். நோவா மரக்கறி உண்பவன் என்பது இயக்குநரின் அரசியல் இட்டுக்கட்டிய ஒன்றன்று. அவ்வாறே பேழைக்குள் ஒளிரும் கல், கீழிறங்கிய வானவர் ஆகியவற்றுக்கும் யூத விளக்க நூல்களிலும் ஏனோக்கின் நூலிலும் வேர் உண்டு. மூலத்தில் இல்லை என்று சொல்லுமுன் மூலம் எதுவரை பரந்தது என்று தேடவேண்டும்.

இவற்றோடு மற்றொரு கண்டனமும் நியாயமாக எழுந்தது. மனித குலத்தின் தந்தையாக வரும் குடும்பத்தில் ஒரு கறுப்பர் கூட இல்லை, அனைவரும் வெள்ளையர். இணைக் கதாசிரியர் ஆரி ஹென்டெல், தொன்மக் கதையின் தளத்தில் நிறம் ஒரு பொருட்டல்ல என்ற கருத்தில் விளக்கமளித்தார். ஒரு பொருட்டல்ல என்றால் ஏன் வெள்ளை நிறமே பொதுநிறமாயிற்று என்ற கேள்விக்கு அவ்விளக்கத்தில் விடையில்லை.

இனி முஸ்லிம் உலகம். 2014 மார்ச் தொடக்கத்தில், படம் வெளிவருமுன்பே, அல்-அஸ்ஹர் தனது ஆட்சேபத்தை வெளியிட்டது. நபிமாரை நடித்துக் காட்டுவது ஷரீஅத்துக்கு முரணானது, முஃமின்களின் உணர்வைப் புண்படுத்துவது என்பது அதன் சாரம். கட்டார், பஹ்ரைன், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகள் படத்தைத் தடைசெய்தன. இந்தோனேசியாவும் மலேசியாவும் பின்தொடர்ந்தன.

இந்தத் தடைகளை ஒட்டுமொத்தமாக ஏளனம் செய்வது மேலைத்தேயப் பத்திரிகைகளுக்கு இலகுவான காரியம். நான் அதைச் செய்யப் போவதில்லை. நபிமாரின் முகத்தை ஒரு நடிகனின் முகமாக மனதிற் பதியவிடக் கூடாது என்பதில் ஆழமான கலை உணர்வும் இருக்கிறது. ஒருமுறை ரஸ்ஸல் குரோவைப் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு அந்த முகத்தை அழிப்பது கடினம். மனதில் உருவம் கொள்ளாத ஒருவரின் சொல் மட்டும் நிற்கவேண்டும் என்பது எமது மரபின் தேர்வு.

ஆனால் அந்தக் கொள்கை எப்போதும் ஒரே சீராகக் கையாளப்பட்டதா? மெல் கிப்சனின் 'கிறிஸ்துவின் பாடுகள்' பற்றிய படம் 2004இல் வந்தது. ஈஸா (அலை) அவர்களும் இறைதூதரே. அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது அல்குர்ஆனின் தெளிவான கூற்று. உருவமும் உண்டு, கொள்கை முரணும் உண்டு. இருந்தும் அப்படம் கட்டார், ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து உட்படப் பல அரபு நாடுகளில் திரையிடப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின் 'நோவா' தடுக்கப்படுகிறது. கொள்கை மாறவில்லை என்றால் வேறு ஏதோ மாறியிருக்க வேண்டும். அதே 2014இன் இறுதியில் மூஸா (அலை) அவர்களின் வரலாற்றைத் தொட்ட ரிட்லி ஸ்கொட்டின் படத்தை எகிப்து தடைசெய்தபோது முன்வைத்த முக்கிய காரணம் வரலாற்றுத் தவறு. ஒரே வகையான படங்களுக்கு இடத்துக்கிடம் காரணம் மாறுகிறது.

முஸ்லிம் கலைஞர்களின் முயற்சிகளும் ஒரே தடத்தில் செல்லவில்லை. முஸ்தபா அக்காத் 1976இல் எடுத்த 'அர்-ரிஸாலா' படத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. கமெராவே அவர்கள் நிற்கும் இடத்தில் நிற்கிறது. எதிரே உள்ளவர்கள் கமெராவைப் பார்த்தே பேசுகின்றனர். எகிப்திய இயக்குநர் யூஸுப் ஷாஹீன் 1994இல் யூஸுப் (அலை) அவர்களின் கதையைத் தழுவி எடுத்த படத்தில் பாத்திரத்தின் பெயரை மாற்றியும் வழக்கிலிருந்து தப்பவில்லை. தடை விதிக்கப்பட்டு 1995இல் நீக்கப்பட்டது. ஈரானோ 2008இல் யூஸுப் நபி பற்றிய தொலைக்காட்சித் தொடரை முகம் காட்டியே எடுத்தது. முஸ்லிம்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இவ்வளவு வேறுபாடுகளும் மறைந்து கிடக்கின்றன.

தடையைப் பற்றிய எனது முறைப்பாடு ஒன்றே. தடைக்குப் பின் எவரும் எதையும் சொல்லவேண்டியிருக்கவில்லை. முஸ்லிம் விமர்சகன் மட்டுமே சொல்லக்கூடிய ஒரு கருத்து சொல்லப்படாமலே போனது. அதை இங்கு சொல்ல முயல்கிறேன்.

ஆதியாகமத்தின் நோவா வாய் திறக்காத மனிதர். பேழை கட்டச் சொன்னபோது கட்டுகிறார். ஏறச் சொன்னபோது ஏறுகிறார். இறங்கச் சொன்னபோது இறங்குகிறார். வெள்ளம் வடிந்து, திராட்சை பயிரிட்டு, மதுவருந்தி உறங்கி எழுந்த பின்னரே அவர் பேசுவதாக முதல் வார்த்தை பதிவாகிறது. அதுவும் ஒரு சாபம். யூத அறிஞர்கள் இந்த மௌனத்தை நெடுங்காலமாகவே விசாரித்து வந்துள்ளனர். ஸோதோம் நகருக்காக ஆபிரகாம் இறைவனிடம் மன்றாடினாரே, நோவா ஏன் மன்றாடவில்லை என்று கேட்டனர். நீதிமான் என்பது எல்லாக் காலத்துக்குமா, அக்காலத்தவரோடு ஒப்பிட்டு மட்டுமா என வாதிட்டனர். புதிய ஏற்பாட்டில் பேதுருவின் இரண்டாம் நிருபம் அவரை நீதியைப் பிரசங்கித்தவர் என்கிறது. ஆனால் அப்பிரசங்கத்தின் ஒரு சொல்லும் அங்கு தரப்படவில்லை.

அரனொவ்ஸ்கியின் படம் இந்த மௌனத்துக்குள்ளிருந்து பிறந்தது. பேசாத மனிதனின் மனதில் என்ன இருந்தது? உலகம் அழியும்போது வாளாவிருந்தவன் எத்தகையவன்? யூதக் குடும்பத்திற் பிறந்த இயக்குநர், தனது பதின்மூன்றாவது வயதில் பள்ளியில் நோவா பற்றி ஒரு கவிதை எழுதியவர், மூன்று தசாப்தங்களின் பின் அக்கேள்விக்கு விடை தேடுகிறார். அவரது விடை பயங்கரமானது. அழிவை ஏற்றுக்கொள்ளும் நேர்மை மெல்ல மெல்ல வெறியாகி, கடைசியில் தொட்டிற் குழந்தையின் மீது கத்தியாக உயர்கிறது. மூலத்தின் மௌனத்தை இவ்வளவு கடுமையாக விசாரித்ததில் அவரது நேர்மையை நான் மதிக்கிறேன்.

ஆனால் அல்குர்ஆனின் நூஹ் (அலை) அவர்களுக்கு இக்கேள்வி பொருந்தாது. அவர்கள் மௌனி அல்லர். தம் சமூகத்தை இரவும் பகலும், பகிரங்கமாகவும் இரகசியமாகவும் அழைத்ததை ஸூரா நூஹ் விரிவாகச் சொல்கிறது. கேட்டவர்கள் காதில் விரலை வைத்துக்கொண்டனர். ஆடையால் தம்மைப் போர்த்திக்கொண்டனர். ஐம்பது குறைய ஆயிரம் ஆண்டுகள் அவர்கள் அச்சமூகத்தில் வாழ்ந்ததை ஸூரா அன்கபூத் கூறுகிறது. அழிவை வேண்டி அவர்கள் செய்த துஆவும் உண்மைதான். அந்தத் துஆவுக்கு முன்னால் நூற்றாண்டுகள் நீண்ட அழைப்பு இருக்கிறது. படத்தின் நோவாவோ ஒருவரையும் ஒருநாளும் அழைக்கவில்லை. எச்சரிக்கை கூடச் செய்யவில்லை. அழைக்காமலே கதவைச் சாத்துகிறான்.

முஸ்லிம் விமர்சகன் சொல்லியிருக்க வேண்டியது இதுவே. நபித்துவம் என்பதன் சாரம் செய்தியை எத்திவைப்பது. செய்தியில்லாத நபி, தபாலில்லாத தபாற்காரன் போன்றவர். ரஸ்ஸல் குரோவின் முகம் தெரிந்தது சிறிய விடயம். தஃவா தெரியாமற்போனதே பெரிய விடயம். படத்தில் முகத்தை மறைத்திருந்தாலும் இந்தக் குறை அப்படியேதான் இருந்திருக்கும். முகத்தைப் பற்றி மட்டுமே பேசிய எமது ஆட்சேபம் இதைத் தவறவிட்டது.

இரண்டாவது வேறுபாடு பேழையில் ஏறியவர்கள் பற்றியது. ஆதியாகமத்தில் ஏறுவது ஒரு குடும்பம், எண்மர். படத்தின் முடிச்சுகள் எல்லாமே இந்தக் குடும்ப எல்லையிலிருந்து முளைப்பவை. மகனுக்கு மனைவி எங்கே, வம்சம் தொடருமா, குழந்தை ஆணா பெண்ணா என்பவையே அங்கு கேள்விகள். மாட்டுப்பட்ட கால்களோடு கிடக்கும் அந்நியப் பெண்ணை நோவா கைவிட்டு மகனை மட்டும் இழுத்துச் செல்லும் காட்சி இந்த எல்லையின் கொடூரத்தை நன்றாகவே காட்டுகிறது.

அல்குர்ஆனின் கப்பலில் ஈமான் கொண்ட சிலரும் ஏறினர். அவர்கள் யார் என்பதையும் ஸூரா ஹூத் சொல்லாமல் சொல்கிறது. எங்களில் இழிந்தவர்களே உம்மைப் பின்பற்றுகின்றனர் என்று ஊர்ப் பிரதானிகள் ஏளனம் செய்தனர். அவர்களை விரட்டமாட்டேன் என்றார்கள் நூஹ் (அலை). அந்தக் கப்பலில் ஏழைகள் இருந்தனர். சொந்த மகன் இல்லை. மனைவியும் நம்பிக்கை கொண்டவராக இல்லை என ஸூரா தஹ்ரீம் கூறுகிறது. இரத்த உறவு ஏறுவதற்கு அனுமதிச் சீட்டாகவில்லை. படத்தை எழுதியவர்கள் தேடிக் களைத்த கேள்விக்கு, உறவா நீதியா என்ற கேள்விக்கு, இங்கே முற்றிலும் வேறொரு விடை இருக்கிறது.

மூன்றாவதாக ஓர் இடத்தைத் தொட்டே ஆகவேண்டும். படத்தில் பேழையின் கதவு அடைபட்ட பின், வெளியே பாறையொன்றின் உச்சியில் தொற்றிக்கொண்டிருக்கும் மனிதர்களின் அலறல் உள்ளே கேட்கிறது. குடும்பம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. கயிறு வீசுவோம் என்கின்றனர் பிள்ளைகள். இடமில்லை என்கிறான் நோவா. மேலைத்தேய விமர்சகர்கள் இதைப் படத்தின் சிறந்த காட்சிகளில் ஒன்றாகக் குறிப்பிட்டனர். கிழக்குக் கரையில் வாழும் நமக்கு அது காட்சி மட்டுமன்று. 2004 டிசம்பர் 26 காலையில் இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. அம்பாறை மாவட்டமே ஆகக் கூடிய உயிர்களை இழந்தது. கரையோர முஸ்லிம் ஊர்கள் பலவற்றில் கபுறுக்குழிகள் வரிசையாக வெட்டப்பட்டன. அதன்பின் அது இறைதண்டனை என்று பேசியோரும் எம்மத்தியில் இருந்தனர். நூஹ் நபியின் சமூகத்தை உதாரணம் காட்டினர். கடலோரக் குடிசையில் உறங்கிய குழந்தையின் பாவம் என்ன என்று எவரும் அவர்களிடம் திருப்பிக் கேட்கவில்லை.

வெள்ளக் கதையை உள்ளேயிருந்து மட்டும் சொன்னால் இத்தகைய பேச்சே விளையும். தப்பியவன் தன்னை நல்லவனென்றும் மாண்டவனைக் கெட்டவனென்றும் எண்ணிக்கொள்வான். அரனொவ்ஸ்கி அந்த அலறலைக் கேட்க வைத்து இவ்வெண்ணத்தைக் கலைக்கிறார். அதற்காகவேனும் இப்படம் மதிக்கத்தக்கது. ஆனால் அல்குர்ஆன் அதனைவிடவும் ஒரு படி மேலே சென்று, அழிபவர்களுக்குள்ளேயே அந்த நபியின் இரத்தத்தை வைத்திருக்கிறது. தப்ஸீர்களில் கன்ஆன் என்றும் யாம் என்றும் பெயர் சொல்லப்படும் மகன், மலையில் ஏறித் தப்புவேன் என்கிறான். தந்தை அழைக்கிறார். அலை இருவருக்கும் நடுவே வருகிறது. பிறகு அந்தத் தந்தை தன் இறைவனிடம் மகனைப் பற்றிப் பேசுகிறார், கண்டிக்கப்படுகிறார், மன்னிப்புக் கேட்கிறார். வெள்ளத்தில் தப்பியவர் எவரும் அங்கே பெருமிதத்தோடு கரையேறவில்லை. ஒரு மகனை இழந்தவராகவே நூஹ் (அலை) ஜூதி மலையில் இறங்கினார்கள். இவ்வரலாற்றை ஓதுகிற ஒருவர், கடல் கொண்டவர்களைப் பார்த்துப் பாவிகள் என்று விரல் நீட்ட முடியுமா?

இவ்விடத்தில் எமது தமிழ் மரபு பற்றியும் ஒரு வார்த்தை. வேத வரலாற்றோடு கற்பனை சேரவே கூடாது என்பவர்கள் சீறாப்புராணத்தை என்ன செய்வார்கள்? உமறுப்புலவர் அரபு நாட்டைப் பாடப் புகுந்து மழையையும் ஆற்றையும் வயலையும் பாடினார். பாலையைத் தமிழ் மருதமாக்கினார். அதை எவரும் பொய் என்று தள்ளவில்லை. இஸ்லாமியத் தமிழிலக்கியத்தின் மகுடமாகவே கொண்டாடுகிறோம். ஆனால் அவர் மாற்றியது நிலத்தை. நாயகத்தின் குணத்தை அவர் மாற்றவில்லை. புனைவு எதில் கை வைக்கலாம், எதில் கை வைக்கலாகாது என்பதற்கு எமது புலவர்களே ஓர் எல்லைக்கோட்டை வரைந்து வைத்துள்ளனர். 'நோவா' படம் கல் வானவர்களைச் சேர்த்ததும் ஐஸ்லாந்தின் கரும்பாறை நிலத்தில் கதையை நிகழ்த்தியதும் நிலத்தை மாற்றுவது போன்றவை, அவற்றை மன்னிக்கலாம். சிசுக்கொலைக்குத் துணிந்தவனாகவும் மதுவில் ஆடையின்றிக் கிடப்பவனாகவும் ஓர் இறைதூதரைக் காட்டுவது குணத்தை மாற்றுவது. இரண்டாவது காட்சிக்கு விவிலியத்தில் ஆதாரமுண்டு என்பது உண்மையே. அதனாற்றான் இது இயக்குநரோடு மட்டுமுள்ள வழக்கன்று, இரு வேதங்களின் இறைதூதர் பற்றிய இருவேறு நோக்குகளுக்கிடையிலான வழக்கு என்கிறேன். இவ்வழக்கைத் தணிக்கை உத்தியோகத்தர் தீர்க்க முடியாது.

கிறிஸ்தவ விமர்சகர்கள் தமக்குள் மூன்று குரலிற் பேசினர். ஒருவரை ஒருவர் திருத்தினர். அதனால் அச்சமூகத்தின் வாசகன் தன் வேதத்தை மீண்டும் எடுத்துப் புரட்டினான். படம் வெளியான நாட்களில் ஆதியாகமத்தைத் திறந்து பார்த்தவர்கள் ஏராளம் இருந்திருப்பர். எமது பக்கத்தில் ஒரு படத்தைத் தடுத்தோம். ஸூரா நூஹைத் திறந்தோமா?

நபிமாரின் வரலாறு பற்றிய படங்கள் இனியும் வரும். அப்போதும் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். அதன் பக்கத்தில் எழுத்தாளனின் வேலை ஒன்றும் இருக்கிறது. அவர்கள் எந்தக் கேள்வியோடு வருகிறார்கள், எமது வேதம் அதே இடத்தில் எந்தக் கேள்வியை வைத்திருக்கிறது என்று எழுதுவது. முடிந்தால் அதைத் தானே படைப்பாக எழுதிக் காட்டுவது. அக்காத்தின் வழி எமக்கு முன்னால் உள்ளது. ஸூரா ஹூதின் அந்தக் காட்சியில் தந்தையின் முகம் காட்டப்படத் தேவையில்லை. கப்பலின் விளிம்பிலிருந்து பார்க்கிறோம். தூரத்தில் மலையில் ஒரு மகன் ஏறிக்கொண்டிருக்கிறான். நடுவே ஓர் அலை எழுகிறது. அது விழுந்த பின் மலையில் எவரும் இல்லை. திரையில் இதற்கும் அனுமதி கிடைக்காமற் போகலாம். தமிழில் ஒரு சிறுகதையாக எழுதுவதற்குத் தடையேதுமில்லை.